தியோவைப் படித்தீர்களா?

கேள்வி: எனக்கு 41 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஐந்தாறு வருடங்களாக ஓவிய வரலாறு, ஓவியர்களின் வாழ்க்கை என்று தேடித் தேடி வாசிக்கிறேன். வான்கோ காதை அறுத்துக்கொண்ட அந்த இரவைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. கோகேன் பங்குச் சந்தை வேலையை உதறிவிட்டுத் தூரிகையை எடுத்தார். நானோ இன்னும் வவுச்சர் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் முழுநேரமாகப் படித்து, ஓவியர்களைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுத ஆசை. ராஜினாமாக் கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன். மனைவிதான் ‘இதெல்லாம் சோறு போடுமா’ என்கிறாள். அப்பா இல்லை, அம்மா எங்களோடு இருக்கிறார். பணத்துக்குப் பிரச்சினை இல்லை. குவைத்தில் இருக்கும் தம்பி மாதாமாதம் அனுப்புகிறான். 37 வயதாகியும் இன்னும் கல்யாணம் ஆகாததால் அவனுக்கென்று செலவும் கிடையாது. கலையின் அருமை தெரியாத மனைவிக்கு எப்படிப் புரிய வைப்பது?
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: உங்கள் மனைவியைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை.

37 வயது. கல்யாணம் ஆகவில்லை. அதனால் செலவு கிடையாது. இதை எழுதும்போது உங்கள் கை ஒரு நிமிடமாவது நின்றதா? அப்பா இல்லாத வீட்டில் தம்பிக்குப் பெண் பார்க்க வேண்டியவர் யார்? அவருக்குக் கல்யாணம் ஆகாததற்குப் பெண் அமையாதது காரணமா, நீங்கள் தேடாதது காரணமா? அவர் அங்கே என்ன வேலை செய்கிறார் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டு அரசாங்கமே தடை போடுகிறது. அப்படிப்பட்ட வெயில் அது. உங்கள் தம்பி அந்த வெயிலில் நிற்கிறாரா, ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறாரா? தெரிந்திருந்தால் கடிதத்தில் ஒரு சொல்லாவது வந்திருக்கும். வான்கோவின் காது வந்திருக்கிறதே!

சரி, அந்தக் காதையே எடுத்துக்கொள்வோம். 1888 டிசம்பர் 23, ஆர்ல் நகரம். அந்த இரவைப் படித்துவிட்டு உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். அடுத்த இரவு தூங்காதவர் யார் தெரியுமா? வான்கோவின், அதாவது வின்சென்ட்டின், தம்பி தியோ. யோஹானா என்ற பெண்ணோடு அப்போதுதான் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. செய்தி வந்ததும் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பாரிஸில் ரயிலேறி, பிரான்ஸின் தென்கோடிக்குப் போய் அண்ணனை மருத்துவமனையில் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே திரும்பினார். வேலை இருந்தது. அவர் ஓவியம் விற்கும் கம்பெனி ஒன்றின் பாரிஸ் கிளைக்கு மேலாளர். அந்தச் சம்பளத்தில்தான் அண்ணனின் வாடகை, சாப்பாடு, வண்ணம், கித்தான் எல்லாம். ஏறக்குறைய பத்து வருடம். நீங்கள் போற்றும் கோகேன் ஆர்லுக்கு வந்து தங்கியதும் தியோ கொடுத்த காசில்தான். மாதம் 150 பிராங்க், அதற்குப் பதிலாக ஓர் ஓவியம் என்று பேச்சு.

வின்சென்ட்டின் கடிதங்களை வாசித்தீர்களா, அல்லது அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை மட்டுமா? ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகம் அத்தனை கடிதங்களையும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. காசு கொடுக்க வேண்டாம், தம்பி காசும் வேண்டாம். அவற்றில் வண்ணக் கடைக்கான பட்டியல்கள் வரும். வெள்ளை இத்தனை பெரிய டியூப், குரோம் மஞ்சள் இத்தனை, கித்தான் இத்தனை மீட்டர் என்று எழுதி, சீக்கிரம் அனுப்பு என்பார். அவருடைய சூரியகாந்தி ஓவியத்தைப் பார்த்து மயங்குகிறோமே, அந்த மஞ்சளுக்கு பில் கட்டியவர் தியோ. இன்னொன்றும் கவனியுங்கள். வின்சென்ட் தம்பிக்கு எழுதியவற்றில் 650-க்கு மேல் இன்று கிடைக்கின்றன. தம்பி பத்திரப்படுத்தி வைத்தார். தம்பி அண்ணனுக்கு எழுதியவற்றில் நாற்பது போலத்தான் மிஞ்சின, அண்ணன் வைத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் வின்சென்ட்டுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அவருக்கு அந்தக் கடன் உறுத்தியது. வரைந்ததையெல்லாம் தம்பிக்கே அனுப்பினார், இவை உன்னுடையவை என்றார். தியோவுக்குக் கல்யாணமாகி, 1890 ஜனவரியில் குழந்தையும் பிறந்தபின், உங்களுக்குப் பாரமாகிவிட்டேனோ என்று பயந்து எழுதினார். அந்தக் குழந்தைக்காக வரைந்ததுதான் நீலவானத்தில் பூத்து நிற்கும் வாதுமைக் கிளை. நீங்கள் உங்கள் தம்பிக்கு எதைத் திருப்பிக் கொடுத்தீர்கள்? ‘செலவு கிடையாது’ என்ற சான்றிதழைத்தானே?

அந்த ஜூலையில் வின்சென்ட் இறந்தார். ஆறே மாதத்தில், 1891 ஜனவரி 25-ல், தியோவும் போய்விட்டார். 33 வயது. கைக்குழந்தையோடு 28 வயதில் விதவையான யோஹானா சொந்த நாடான நெதர்லாந்துக்குத் திரும்பி, பஸ்ஸம் என்ற சிற்றூரில் வாடகைக்கு ஆட்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போடும் விடுதி நடத்தினார். யாரும் வாங்காத ஓவியங்கள் வீடு நிறைய. அவற்றைக் கண்காட்சிகளுக்கு அனுப்பி, எதை விற்பது, எதைக் கைவசம் வைப்பது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். 1905-ல் ஆம்ஸ்டர்டாமில் நானூறுக்கும் மேற்பட்ட படைப்புகளோடு பெரிய கண்காட்சி வைத்தார். 1914-ல் கடிதங்களைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். சோறு போடுமா என்று கேட்ட பெண் இல்லை, சோறும் போட்டுக்கொண்டு வான்கோவையும் நமக்குக் கொடுத்த பெண். கலையின் அருமை மனைவிகளுக்குத் தெரியாது என்று இனிமேல் எங்கேயும் எழுதாதீர்கள்.

கோகேனைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. ஓவியம் நல்ல ஓவியம்தான். ஆனால் வேலையை ‘உதறிய’ கதையில் பாதி பூச்சு. 1882-ல் பாரிஸ் பங்குச் சந்தை சரிந்தது, அடுத்த வருடம் அவர் வெளியே வந்தார். கோபன்ஹேகனில் தார்ப்பாய் விற்கும் ஏஜென்டாக இருந்து பார்த்தார், அதுவும் ஓடவில்லை. ஐந்து பிள்ளைகள். மனைவி மெட்டே பிரெஞ்சு டியூஷன் எடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். அவர் பெயர் நீங்கள் படித்த புத்தகத்தில் எத்தனை பக்கத்தில் வந்தது?

உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தேன். அதில் காது இருக்கிறது, ராஜினாமா இருக்கிறது. ஓர் ஓவியத்தின் பெயர்கூட இல்லை. ஓவியர்களைப் படிக்கும் பலரிடம் இதைப் பார்த்துவிட்டேன். படத்தைப் பார்க்க மாட்டார்கள். பட்டினியையும் பைத்தியத்தையும் படித்துவிட்டு, தங்கள் சலிப்புக்கு அதில் ஒரு நியாயம் தேடுவார்கள். வவுச்சர் அலுக்கிறது என்றால் அலுக்கிறது என்று சொல்லுங்கள், தப்பில்லை. அதற்கு வான்கோவைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். வான்கோ பத்தே வருடத்தில் எண்ணெய் ஓவியங்கள் மட்டுமே எண்ணூறுக்கும் மேல் வரைந்தார். இந்த ஐந்தாறு வருடத்தில் நீங்கள் எழுதியது எத்தனை பக்கம்? ராஜினாமாக் கடிதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

‘தம்பி உடையான் படைக்கு அஞ்சான்’ என்று அண்ணன்கள் எல்லோரும் மார்தட்டுவீர்கள். தம்பியைப் படைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

வாசிப்பை விடச் சொல்லவில்லை. விட்டால் எனக்குத்தான் வருத்தம். புத்தகமும் எழுதுங்கள், நம் மொழிக்குத் தேவை. ஆனால் வேலையில் இருந்துகொண்டே, இரவில், ஞாயிற்றுக்கிழமையில் எழுதுங்கள். என்ன எழுதுவது என்றும் சொல்கிறேன். தியோ ஒரு வீட்டுக் கணக்குப் புத்தகம் வைத்திருந்தார். அவர் போனபின் யோஹானா அதிலேயே தொடர்ந்து எழுதினார். எந்த ஓவியம் யாருக்கு என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் அதில் உண்டு. அந்தக் கணக்குப் புத்தகமே அச்சாகியிருக்கிறது. ஒரு மேதையைக் காப்பாற்ற ஒரு குடும்பத்துக்கு என்ன செலவானது என்பதை, வரவு செலவு வாசிக்கத் தெரிந்த ஒருவர் தமிழில் எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன். வவுச்சர் பார்த்துப் பழகிய கண் அதற்கு வேண்டும்.

அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் கணக்கு. தம்பி அனுப்பிய பணம் இதுவரை எவ்வளவு, அதில் அம்மாவுக்கு எவ்வளவு, உங்கள் புத்தக அலமாரிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். இந்த மாதத்திலிருந்து தம்பி பணத்தில் அம்மாவின் மருந்து மாத்திரை தவிர மற்றதெல்லாம் தம்பி பெயரிலேயே வங்கியில் ஏறட்டும். குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று கூப்பிட்டு, பணம் வந்தது என்று சொல்லி வைத்துவிடாமல், என்ன வேலை, எங்கே சாப்பாடு, உடம்பு எப்படி என்று கேளுங்கள். ஊருக்கு எப்போது வருகிறாய் என்றும் கேளுங்கள். அவர் ஜாதகம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். அதை எடுத்து மனைவியிடம் கொடுங்கள். பெண் பார்க்கும் வேலையை உங்களைவிட அவர் நன்றாகச் செய்வார். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.