அக்ரோபாக்டீரியம் கேள்வி பதில்: பிசிஆர் பேண்ட் மட்டும் போதாது

கேள்வி: அக்ரோபாக்டீரியம் (செடிக்குள் மரபணுவைக் கடத்தும் மண் பாக்டீரியா) கொண்டு புகையிலை இலையில் முதன்முறை மரபணு ஏற்றப் போகிறேன். முறையைச் சொல்லுங்கள் மேடம்.

பதில்: ஜிவி3101 அல்லது எல்பிஏ4404 ஸ்ட்ரெயினை (அந்தப் பாக்டீரியாவின் ஆய்வக வகைகள்) 28 டிகிரியில் இரவு முழுக்க வளர்த்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து, திரவ எம்எஸ் ஊடகத்தில் (செடித் திசு வளர்க்கும் சத்துக் கலவை) ஓடி (பாக்டீரியா அடர்த்தியைக் காட்டும் ஒளி அளவீடு) 0.3–0.5 வரும்படி கலக்குங்கள். பிஹெச் 5.5, அசிட்டோசிரிங்கோன் (பாக்டீரியாவின் கடத்தலைத் தூண்டும் பொருள்) 100 மைக்ரோமோலார். நடுநரம்பை விட்டுவிட்டு இலையை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, 10 நிமிடம் ஊறவைத்து, வடிதாளில் ஈரம் போக ஒற்றி எடுங்கள். பாக்டீரியாவோடு இருட்டில் 25 டிகிரியில் 2 நாள். அறை 29 டிகிரியைத் தாண்டினால் டி-டிஎன்ஏவை (செடிக்குள் போகும் டிஎன்ஏ துண்டு) கடத்தும் விர் அமைப்பே (பாக்டீரியாவின் கடத்தல் புரதங்கள்) சரியாக உருவாகாது.

பிறகு எம்எஸ் தட்டு: லிட்டருக்கு பிஏபி 1 மி.கி., என்ஏஏ 0.1 மி.கி., கனமைசின் 100 மி.கி., செஃபோடாக்சிம் 250–500 மி.கி. பிஏபியும் என்ஏஏவும் தளிர் வரவைக்கும் ஹார்மோன்கள்; கனமைசின் மரபணு ஏறாத செல்லைத் தடுக்க, செஃபோடாக்சிம் பாக்டீரியாவைக் கொல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுத் தட்டு. வந்த தளிரைக் கனமைசின் உள்ள தட்டிலேயே வேர்விட வையுங்கள். பச்சையாக இருந்தும் வேர்விடாதது பெரும்பாலும் மரபணு ஏறாமல் தப்பிப் பிழைத்த தளிர்.

கேள்வி: கனமைசின் எதிர்ப்பு மரபணுவை டி-டிஎன்ஏவின் எந்த எல்லைப் பக்கம் வைப்பது?

பதில்: இடது எல்லைப் பக்கம். விர்டி2 புரதம் வலது எல்லையில் ஒட்டிக்கொண்டு முன்னால் போகிறது. வழியில் அறுந்தால் இழப்பது பெரும்பாலும் இடது முனை. எதிர்ப்பு மரபணு அங்கே இருந்தால், தட்டில் பிழைக்கும் செடியில் உங்கள் மரபணுவும் முழுசாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பிசிஆரில் (குறிப்பிட்ட டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) தண்ணீர் கன்ட்ரோலிலும் சாதாரணச் செடியிலும் என் மரபணுவின் பேண்ட் (ஜெல்லில் தெரியும் கோடு) இல்லை, என் செடியில் இருக்கிறது. பிசிஆர் போதும்தானே?

பதில்: போதாது. அந்த இரண்டு கன்ட்ரோலும் பாக்டீரியாவைத் தொட்டதே இல்லை. ஹெல்பர் பிளாஸ்மிடில் (பாக்டீரியாவிலேயே தங்கும், விர் மரபணுக்கள் உள்ள டிஎன்ஏ வளையம்) உள்ள விர்ஜி மரபணுவுக்கும் பிரைமர் (பிசிஆர் பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ) போடுங்கள். அதிலும் பேண்ட் வந்தால் செடிக்குள் அக்ரோபாக்டீரியம் இன்னும் இருக்கிறது.

மீண்டும் அவரே: மூன்று மாதம் செஃபோடாக்சிமில் இருந்த செடி மேடம். எப்படி மிஞ்சும்?

பதில்: மிஞ்சும். அந்த மருந்து பெருகும் செல்லைத்தான் கொல்லும். திசு இடைவெளிகளில் பெருகாமல் கிடப்பது தப்பிவிடும். பைனரி வெக்டரில் (டி-டிஎன்ஏவைச் சுமக்கும் பிளாஸ்மிட்) எல்லைகளுக்கு வெளியே உள்ள பகுதிக்குப் பிரைமர் போட்டு முடிவு கட்டவும் வேண்டாம்: இடது எல்லையில் நிற்காமல் அந்தப் பகுதியும் குரோமோசோமில் ஏறுவதுண்டு.

கேள்வி: இலைத்துண்டைச் சுற்றி வெள்ளையாகப் படர்கிறது.

பதில்: ஓடி அதிகம், அல்லது சரியாக ஒற்றவில்லை, அல்லது 3 நாளுக்கு மேல் விட்டிருக்கிறீர்கள். ஏஜிஎல்1 ஸ்ட்ரெயின் என்றால் கார்பெனிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அது அடங்காது, டைமென்டின் என்பதைப் போடுங்கள்.

கேள்வி: நெல் காலஸுக்கு (உருப்பெறாத செல் திரள்) கனமைசின் எவ்வளவு?

பதில்: வேண்டாம், நெல் அதைத் தாங்கும். ஹைக்ரோமைசின் லிட்டருக்கு 50 மி.கி.

கேள்வி: எனக்கும் வெள்ளைப் படலம். என்ன செய்ய?

பதில்: மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள். முக்கியம், ஒற்றி எடுப்பது.

கேள்வி: வீட்டுத் தோட்டக் கத்தரியில் செய்யலாமா?

பதில்: கூடாது. இந்தியாவில் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு இல்லாத இடத்தில் இந்த வேலையே இல்லை.

பிசிஆர் நண்பர் மீண்டும்: சதர்ன் (மரபணு குரோமோசோமில் எத்தனை இடத்தில் ஏறியிருக்கிறது என்று காட்டும் சோதனை) செய்ய வசதியில்லை. விர்ஜி பேண்ட் வரவில்லை. இப்போதாவது மரபணு ஏறிவிட்டது என்று எழுதலாமா?

பதில்: இன்னும் ஒரு படி. தன்மகரந்தச் சேர்க்கை விதையைக் கழுவி, கனமைசின் தட்டில் குறைந்தது நூறு தூவுங்கள். பச்சை நாற்றும் வெளுத்த நாற்றும் 3:1 வந்தால், மரபணு ஒரே இடத்தில் ஏறி மரபாகக் கடந்திருக்கிறது. 15:1 என்றால் தொடர்பில்லாத இரண்டு இடம். சதர்ன் கிடைக்கும்போது, டி-டிஎன்ஏவுக்குள் ஒரே இடத்தில் வெட்டும் நொதியைப் பயன்படுத்துங்கள். தனித்தனிச் செடிகள் எல்லாவற்றிலும் ஒரே அளவில் பேண்ட் வந்தால் அது பாக்டீரியாவின் பிளாஸ்மிடா என்று முதலில் பாருங்கள்.