முதலில் பாட்டு, அப்புறம் பசை

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது, மகனுக்கு ஒன்றரை. மழலைப் பாடல்களோடு சேர்த்துச் செய்யும் கைவேலைகளை இணையத்தில் பார்த்து, ஆட்டுக்குட்டி, நட்சத்திரம் என்று ராத்திரி உட்கார்ந்து வெட்டி வைக்கிறேன். மறுநாள் மகள் ஐந்து நிமிடம் ஒட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். மிச்சத்தை நான்தான் முடிக்கிறேன். சின்னவன் கையில் கிடைப்பதையெல்லாம் கிழிக்கிறான். போனில் வீடியோ ஓடினால்தான் மகள் பாடுகிறாள். எனக்கோ பாடவே வராது. இதையெல்லாம் எப்படித்தான் செய்வது? வாரத்துக்கு எத்தனை பாட்டு சொல்லித்தர வேண்டும்?
– ஒரு வாசகி

பதில்: மூன்றரை வயதுப் பிள்ளை ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒட்டினாள் என்பதே நல்ல சேதிதான். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. வரைந்தது நீங்கள், வெட்டியது நீங்கள், முடித்ததும் நீங்கள். நடுவில் பஞ்சு ஒட்டுவது மட்டும் அவள் பங்கு. ஒட்டி முடித்த ஆட்டுக்குட்டியும் சுவரில் தொங்கப் போகிறது. அதற்கப்புறம் பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள் எழுந்து போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

வரிசையை மாற்றிப் பாருங்கள். பாட்டு முதலில். அது வாயில் நன்றாக ஊறிய பிறகு விளையாட்டு. அந்த விளையாட்டுக்கு ஒரு பொருள் தேவைப்பட்டால் மட்டும் கைவேலை. பாடும்போது கையில் எடுத்து ஆட்டவோ இழுக்கவோ கீழே தள்ளவோ முடியாத ஒரு பொருளைச் செய்யவே வேண்டாம் என்பது என் கட்சி.

பாட்டையும் உடம்பையும் சேர்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. பிள்ளைத்தமிழில் வரும் பத்துப் பருவங்களில், செங்கீரை என்பது குழந்தை கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. சப்பாணி, கைகொட்டுவது. அம்புலி, நிலாவை விளையாட வரச்சொல்லி அழைப்பது. புலவர்கள் இலக்கியமாக்கியதை வீடுகளில் சாய்ந்தாடம்மா, கைவீசம்மா, நிலா நிலா ஓடி வா என்று சும்மா பாடிக்கொண்டிருந்தார்கள். பசையும் கத்தரிக்கோலும் இல்லாமலே அது நடந்தது.

நிலாப் பாட்டிலிருந்தே தொடங்குங்கள். ஒரு பெரிய அட்டையின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு வெட்டு மட்டும் உங்களுடையது. அறையை இருட்டாக்கி, அட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்தால் சுவரில் நிலா வரும். மகள் பாடி அழைக்க வேண்டும். அவள் அழைத்தால்தான் நிலா நகரும், நிறுத்தினால் நின்றுவிடும். போனில் ஓடும் பாட்டு அவள் வாயை மூடிக்கொண்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த நிலா அப்படியில்லை. இரண்டு தரம் ஆடியதும் டார்ச்சை அவளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பாடி அழையுங்கள். நிலாவை வரவிடாமல் உங்களைக் கெஞ்சவைப்பாள், பாருங்கள். அட்டையைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நிலா சின்னதாக, தெளிவாகத் தெரியும். டார்ச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் பெரிதாகி, ஓரம் மங்கும். இதை நீங்கள் விளக்க வேண்டாம், அவளே கண்டுபிடிக்கட்டும். டார்ச்சைக் கண்ணுக்கு நேராக அடிக்கக் கூடாது என்பது மட்டும் முன்பே சொல்லிவைக்க வேண்டிய விதி.

படம் செய்தே ஆகவேண்டும் என்றால், வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுவத்தியால் அழுத்தி ஒரு வட்டம் தேய்த்து வையுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் கலந்த நீல வாட்டர் கலரை அவள் தூரிகையால் பூசும்போது, மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஒட்டாமல் நிலா எழுந்து வரும். அடுத்த தாளில் உங்களுக்காக அவள் ஒளித்துவைக்கட்டும்.

குழாயில் ஏறும் சிலந்தியின் ஆங்கிலப் பாட்டு தெரிந்திருக்கும். டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக்குழாயைச் சுவரில் நிமிர்த்தி ஒட்டி, அதனுள்ளே ஒரு நூலைக் கோத்து, அடிமுனையில் கறுப்புத் தாளைக் கசக்கிக் கட்டுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நூலை இழுத்தால் சிலந்தி ஏறும், மழை வரும் வரியில் விட்டால் விழும். எட்டுக் கால் வேண்டுமென்று அவள் கேட்டால் ஒட்டட்டும். கேட்காவிட்டால் அது கால் இல்லாத சிலந்தி. உங்கள் கை பரபரக்கும், ஆனாலும் தொடாதீர்கள். நூல் விஷயத்தில் எச்சரிக்கை தேவை: குட்டையாகவே இருக்கட்டும், விளையாடி முடித்ததும் கழற்றி எடுத்துவிடுங்கள். சின்னவன் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் வயது அது.

ஹம்ப்டி டம்ப்டி பாட்டில் முட்டை என்ற சொல்லே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? அது பழைய விடுகதை. விடையைப் புத்தகத்துப் படங்கள்தான் போட்டு உடைக்கின்றன. படம் காட்டாமல் பாடிவிட்டு, “விழுந்தால் திரும்ப ஒட்டவே முடியாதது என்னவா இருக்கும்?” என்று கேளுங்கள். கண்ணாடி என்பாள், பொம்மை என்பாள், எல்லாம் சரிதான். அப்புறம் காலிப் பெட்டிகளை அடுக்கிச் சுவர் கட்டி, அவள் சொன்ன பொருளுக்குப் பதிலாக ஒரு காகிதப் பந்தை உட்காரவைத்துத் தள்ளிவிடலாம். அதிகம் விவரிக்கத் தேவையில்லை. தள்ளிவிடுவதில் அவளுக்கு யாரும் பயிற்சி தர வேண்டாம்.

அட்டை, நூல் எதுவும் இல்லாத நாளில் பேனாவால் அவளுடைய ஐந்து விரல் நுனியிலும் கண்ணும் வாயும் வரையுங்கள். ஐந்து வாத்துகளில் ஒன்றொன்றாகக் காணாமல் போகும் பாட்டுக்கு அது போதும். விரலை மடக்க மடக்க, மிச்சம் எத்தனை என்பது கண்ணெதிரே நிற்கும். கழித்தல் என்று பெயர் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்யாவிட்டாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: நன்றாகத் தெரிந்த பாட்டில் வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பது. நமக்குத்தான் அந்த மௌனம் தாங்காது, உடனே எடுத்துக்கொடுத்துவிடுவோம். சற்றுப் பொறுத்தால் அவளே நிரப்புவாள். அப்புறம் வேண்டுமென்றே தப்பான சொல்லைப் போடுங்கள். திருத்துவதில் பிள்ளைகளுக்குத் தனி ருசி. சொல்லின் ஓசையைக் காதில் பிரித்துக் கேட்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. பிரிட்டனில் பிரையன்ட், பிராட்லி முதலியோர் 64 குழந்தைகளை மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை கவனித்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் மழலைப் பாடல்கள் நன்றாகத் தெரிந்திருந்த குழந்தைகள் பின்னர் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னே இருந்ததாகக் கண்டார்கள். அவை ஆங்கிலப் பாடல்கள். அங்கே ஓசை பெரும்பாலும் வரியின் கடைசியில் ஒத்துப்போகும். தமிழில் மோனையும் எதுகையும் வரியின் முன்பக்கத்தில் இருப்பதால், ‘க’வில் தொடங்குவதை எல்லாம் தேடிப்பிடிக்கிற விளையாட்டும் சேர்ந்து கிடைக்கிறது.

சின்னவன் கிழிக்கிறான் என்றீர்கள். கிழிப்பதுதான் அவன் கைவேலை. பழைய தாள்களைக் கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். அது மழைப் பாட்டுக்கு மழையாகும், ஆட்டுக்குட்டிக்கு ரோமமாகும். உங்கள் மேஜையிலிருந்து முதலில் போக வேண்டியவை பொத்தான், மணி, ஆடும் பிளாஸ்டிக் கண்கள். மூன்று வயதுக்குட்பட்டோர் பொம்மைகளைச் சோதிக்கும் குழலின் விட்டம் சுமார் 32 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கலாம். கண் வேண்டுமானால் பேனாவால் ஒரு புள்ளி போதும். பாட்டுப் பாடும் பொம்மை இருந்தால் அதன் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். படகுப் பாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் முடியும் வரை நகராதீர்கள். அல்லது தண்ணீரே வேண்டாம்: இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கைகோத்து முன்னும் பின்னும் சாய்ந்தால் அதுவே படகு.

பாட வராது என்கிறீர்கள். ட்விங்கிள் ட்விங்கிளுக்கும் ஏபிசிடி பாட்டுக்கும் ஒரே மெட்டு. பழைய பிரெஞ்சு மெட்டு அது. மொத்தமும் ஆறு சுரத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஒன்று பழகினால் போதும், ஆட்டுக்குட்டிப் பாட்டைக்கூட அதிலேயே ஓட்டலாம். அதுவும் வேண்டாமென்றால் தாளம் தட்டிச் சொல்லுங்கள். சுருதி சேரவில்லை என்று மூன்றரை வயது ரசிகை எழுந்து போகமாட்டாள். வீடியோவைவிட மெதுவாகப் பாடுங்கள், அது முக்கியம். வேகமாக ஓடும் பாட்டில் பிள்ளைக்குக் கையசைவையும் சொல்லையும் சேர்த்துப் பிடிக்க முடிவதில்லை. வீடியோவை அடியோடு நிறுத்தச் சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு, மூன்று நான்கு வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பது. ஒன்றரை வயதுக்கு அதுவும் வேண்டாம் என்கிறார்கள். அக்கா பார்க்கும்போது தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

வாரத்துக்கு எத்தனை பாட்டு? ஒன்று போதும். ஒன்றே மூன்று வாரம் ஓடினாலும் சரி. உங்களுக்குச் சலித்துப்போவது கணக்கில் வராது. பொம்மைக்கு அவள் தனியாகப் பாடிக்காட்டுகிறாளா, சொற்களை மாற்றி நையாண்டி செய்கிறாளா என்று பாருங்கள். அதன் பிறகு அடுத்த பாட்டை எடுக்கலாம். ராத்திரி வெட்டும் வேலையை இன்றோடு விட்டுவிட்டு நேரத்தோடு தூங்குங்கள்.