விடப்போவது எந்தக் கொசு?

கேள்வி: பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானில் டிங்கிக் காய்ச்சல் ஓய்ந்தபாடில்லை. மரபணு மாற்றிய கொசுக்களை இங்கே விடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அவை கடித்தால் ஆபத்தா? குடியிருப்பாளர் சங்கம் சம்மதிக்கலாமா?

பதில்: முதலில், விடப்போவது எந்தக் கொசு என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் 2017 முதல் விடப்பட்டவை வோல்பாக்கியா கொசுக்கள். அவை மரபணு மாற்றியவை அல்ல. பல பூச்சிகளின் உடலில் இயல்பாகவே வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை, டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைக்குள் செலுத்தி வளர்க்கிறார்கள். அது இருக்கும் கொசுவின் உடலில் டிங்கிக் கிருமி எளிதில் பெருகுவதில்லை. தாய் வழியாகவே அது பரவும் என்பதால் இங்கே பெண் கொசுக்களையும் விட்டார்கள், அவை கடிக்கத்தான் செய்யும். சிங்கப்பூரிலோ, அங்குள்ள பெண் கொசுக்களின் முட்டை பொரியாமல் போகட்டும் என்று ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறார்கள்.

மரபணு மாற்றிய கொசுவை நம் மலேசியா 2010 டிசம்பரில் சோதித்தது. பகாங், பெந்தோங் அருகே ஆளில்லாக் காட்டில் ஏறத்தாழ 6,000 ஆண் கொசுக்கள் விடப்பட்டன. ஆண் கொசு கடிக்காது. அதனோடு இணையும் பெண்ணின் குஞ்சுகள் டெட்ராசைக்ளின் மருந்து கிடைக்காவிட்டால் வளருமுன்பே மடியும்படி மரபணு அமைக்கப்பட்டிருந்தது; புழுக்களை அடையாளம் காண்பதற்காக, உரிய ஒளியில் அவை சிவப்பாக மிளிரும்படியும் செய்திருந்தார்கள். ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் 3 முதல் 4 விழுக்காடு பிழைத்தன. கூட்டுப்புழுவின் உருவ அளவைப் பார்த்து ஆண், பெண் பிரிப்பதால் ஓரிரு பெண் கொசுக்கள் தப்பி வருவதும் உண்டு. “துளியும் ஆபத்தில்லை” என்று சொல்பவரிடம் இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சோதனைக்குத் தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்தின் அனுமதி இருந்தது. ஆனால் கொசுக்கள் விடப்பட்ட செய்தி, சோதனை முடிந்து 2011 ஜனவரிக் கடைசியில்தான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. தொழில்நுட்பத்தைவிட இந்த மௌனமே பெரிய பிழை என்பது என் கருத்து. மருந்தென்றால் வேண்டாதவர் மறுத்துவிடலாம். கொசுவோ வேலி பார்த்துப் பறப்பதில்லை, ஒரு வீடு மட்டும் விலகி நிற்க வழியில்லை. ஆகவே சங்கச் செயலவையின் கையொப்பத்தோடு நின்றுவிடாமல், வாடகைக்கு இருப்பவர்களையும் அந்நியத் தொழிலாளர்களையும் அழைத்து, அவரவர் மொழியில் விளக்கம் தரச் சொல்லுங்கள்.

கண்காணிப்பு எத்தனை மாதம் நீடிக்கும், முடிவுகளை உங்களுக்குக் காட்டுவார்களா, குறை சொல்ல யாரை அழைப்பது என்பவற்றுக்குப் பதில் கிடைத்தபின் சம்மதிக்கலாம். கொசு விடும் வாரத்தில் புகையடித்தால் என்னவாகும் என்பதையும் மறவாமல் கேளுங்கள். பூச்சாடித் தட்டுகளில் தேங்கும் தண்ணீரை மட்டும் எப்போதும்போல் கொட்டி வாருங்கள்.