உடன்போக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான்கு வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்குத் திருமணமாகி இரண்டு வருடம் ஆகிறது. கணவர் வங்கி வேலையை விட்டுவிட்டு மிஷனரிப் பயிற்சி முடித்திருக்கிறார். வருகிற ஜூனில் ஜார்க்கண்ட் மாநிலம் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், மால்டோ மக்கள் வாழும் மலைப்பகுதியில் பணித்தளம் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குக் கல்லூரி நாட்களிலேயே அழைப்பு உண்டு. நானும் உடன் போகிறேன். பி.எட். முடித்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக வேலை பார்த்தவள் நான்.

அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்கள். அண்ணன், "மதம் மாத்தத்தானே போறீங்க" என்று சண்டை போடுகிறான். சபையில் எல்லோரும் எங்கள் தியாகத்தைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். இந்தத் தியாக வாழ்க்கைக்கு நான் தகுதியானவளா என்று பயமாக இருக்கிறது. மிஷனரி தம்பதிகளைப் பற்றி, போவதற்கு முன் நாங்கள் வாசிக்க வேண்டிய புத்தகங்களைச் சொல்வீர்களா? அண்ணனுக்கு என்ன பதில் சொல்ல? நாளை பிள்ளை பிறந்தால் விடுதியில் விடத்தான் வேண்டியிருக்கும் என்கிறார்கள். அதைப் பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

ர., பாளையங்கோட்டை

அன்புள்ள ர,

அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டாய். இனி உன்னை 'நீங்கள்' என்று எழுதினால் எனக்கே நாக்கு கூசும்.

அழைப்பு, ஊழியம் என்று வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. ஆராதனைக்குப் போனால் பின்வாசல் பக்கம் உட்காருகிற ஆள் நான். உன் கடிதத்தையும் அப்படியே மூடியிருப்பேன். சாகிப்கஞ்ச் என்ற பெயர் பிடித்து நிறுத்திவிட்டது. போன மாதம் என் சித்தி எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். எண்பது வயது. கூடவே ஒரு டிரங்குப் பெட்டி. 1980 முதல் 1993 வரை அவளும் சித்தப்பாவும் நீ போகிற அதே மலையில்தான் இருந்தார்கள். அப்போது அது பிகார். நெல்லை எக்ஸ்பிரஸில் மெட்ராஸ், அங்கிருந்து ஹௌரா, பிறகு லூப் லைனில் சாகிப்கஞ்ச், அதற்கப்புறம் நடை. பெட்டி நிறைய இன்லண்ட் கடிதங்கள். ஒரு மாதமாக ராத்திரி உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உன் கடிதம்.

முதலில் உன் அண்ணன். மதமாற்ற விவாதத்துக்குள் நான் வரப்போவதில்லை. இரண்டு பக்கத்துக்கும் வசனம் மனப்பாடம். உட்கார்ந்து கேட்க எனக்குப் பொறுமை இல்லை. ஒன்று மட்டும். ஜார்க்கண்டில் 2017-லிருந்து இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் போய் மாட்டிக்கொண்டு, பிறகு ஜெபக்குறிப்பு அனுப்பாதீர்கள்.

இனி நான் சண்டை போட வேண்டிய இடம். "அவருக்கு அழைப்பு உண்டு. நானும் உடன் போகிறேன்." இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் பத்துத் தடவை படித்துவிட்டேன். உனக்கு? உனக்கு என்ன உண்டு? அவர் போகிறார், குடை போகிறது, ஸ்டவ் போகிறது, நீயும் போகிறாய், அப்படியா? நான்கு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், சொந்த வாழ்க்கைக் கணக்கில் தன்னை மட்டும் எப்படி விட்டுவிட்டுக் கூட்டினாய்? அந்த மலையில் பெண்களோடு உட்கார்ந்து பேசப் போவது நீ. காய்ச்சல் என்று ராத்திரி கதவைத் தட்டினால் முதலில் எழுந்திருக்கப் போவது நீ. உன் கணவர் கிராமம் கிராமமாக நடப்பார், அறிக்கை எழுதுவார். அவருக்கு மட்டும் எப்படி அழைப்பு வந்தது?

சங்கப் பாட்டில் உடன்போக்கு என்று ஒரு துறை உண்டு, படித்திருப்பாய். பிடித்தவனோடு பெண் ஊரை விட்டுப் போவாள். வீட்டில் தாய் புலம்புவாள். செவிலி பாலை நிலத்தில் தேடிக்கொண்டே போய் எதிரில் வருகிறவர்களை விசாரிப்பாள். உன் அம்மா அந்தத் துறையில்தான் இப்போது நிற்கிறார்கள், பாவம். ஆனால் அந்தப் பாட்டுகளில் போகிறவள் தானாகப் போகிறாள். தாய் கோபப்படுவதும் அதற்காகத்தான். 'என் மகளை அவன் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்' என்று எந்தத் தாயும் அழுததாக நான் படித்ததில்லை.

தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு டோரதி கேரி இருக்கிறாள். அவள் கணவர், மிஷனரி வில்லியம் கேரியைத் தெரியாதவர்கள் நம் சபைகளில் இல்லை. 1793-ல் அவர் இந்தியாவுக்குக் கிளம்பியபோது டோரதி வரமாட்டேன் என்றாள். நிறைமாதம். மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு அவர் புறப்பட்டுவிட்டார். கப்பல் தாமதமானது. அதற்குள் டோரதிக்குக் குழந்தை பிறந்துவிட்டது. திரும்பி வந்து வற்புறுத்தினார்கள். தங்கை கூட வந்தால் வருகிறேன் என்று கடைசியில் சம்மதித்து, பிறந்து சில வாரமே ஆன குழந்தையோடு ஜூனில் கப்பல் ஏறினாள். மறுவருடம் வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதற்குப் பிறகு அவள் புத்தி தெளியவேயில்லை. 1807-ல் செராம்பூரில் செத்துப்போனாள். அவள் பக்கத்து அறையில் கத்திக்கொண்டிருக்க, இந்த அறையில் கேரி வேதாகமத்தை மொழிபெயர்த்தார். இதைப் பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன், கேரியின் பொறுமைக்கு உதாரணமாக! அன்றைக்கு எழுந்து வெளியே வந்தவன், அதற்கப்புறம்தான் பின்வாசல் பக்கம் உட்கார ஆரம்பித்தேன்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமா? இடையன்குடிக்குப் போயிருப்பாய். கால்டுவெல் அந்தக் கோயிலுக்கு 1847-ல் அஸ்திவாரம் போட்டு 1880-ல் கட்டி முடித்தார். அவருக்கு மெரினாவில் சிலை இருக்கிறது, தபால்தலை இருக்கிறது. அவர் மனைவி எலிசாவுக்கு? அவர் பக்கத்தில் கல்லறை இருக்கிறது. எலிசாவின் அப்பா சார்லஸ் மால்ட், அம்மா மார்த்தா, இருவரும் 1819-லேயே நாகர்கோவிலுக்கு வந்துவிட்டவர்கள். அம்மா அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தாள், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தாள். 1844-ல் கல்யாணமாகி வந்த மகள் அதே இரண்டையும் தேரிக்காட்டு ஓரத்தில் செய்தாள். ஏழு பிள்ளை பெற்றுக்கொண்டு, கிட்டத்தட்ட நாற்பது வருடம். அவள் கால்டுவெல் 'உடன்' வந்தவள் இல்லை. திருநெல்வேலிச் சீமைக்கு அவர் வந்தது 1841-ல். எலிசா பிறந்தது 1822-ல். பக்கத்துச் சீமையின் தமிழ்ப் பேச்சும் வெயிலும் யாருக்கு முதலில் பழக்கம், நீயே கணக்குப் போட்டுக்கொள்.

கால்டுவெல் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். திராவிட மொழிகளுக்கு அவர் எழுதிய ஒப்பிலக்கணத்தில் திருந்தாத மொழிகள் என்று வைத்த ஆறில் 'ராஜ்மகால்' என்று ஒன்று வரும். அதுதான் மால்டோ. நீ போவது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற நம் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள் வீட்டுக்கு. துரோசே என்ற ஜெர்மன் மிஷனரி 1884-லேயே அந்த மொழிக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார். இந்தி போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இந்தி சந்தைக்கு உதவும். அடுப்படிக்கு மால்டோதான் வேண்டும். சித்தி போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஆச்சிக்கு எழுதிய கடிதம் இதோ என் முன்னால் இருக்கிறது: "அம்மா, இங்க 'நான்'ங்கறதுக்கு 'ஏன்'ங்கறாக. 'நீ'க்கு 'நீன்'. இந்தப் பொம்பளையள் பேச ஆரம்பிச்சா, 'ஏன், ஏன்'னு என்னையவே கேக்க மாரி இருக்கு. பதில் சொல்லத்தான் தெரியல."

பிள்ளையை விடுதியில் விடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். கருத்து என்று எனக்கு ஒன்றும் இல்லை. பெட்டியில் கொஞ்சம் தையல் நூல் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

சித்தி மகனை, என் தம்பியை, ஆறு வயதில், 1984-ல், இங்கே ஊர்ப்பக்கம் ஒரு விடுதியில் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார்கள். சித்தி அங்கே கைத்தையலில் அவனுக்குக் கால்சட்டை தைத்து அனுப்புவாள். அளவு வேண்டுமே. ஆச்சி மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். விடுதி வேப்பமரத்தடியில் அவனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, நான் இடுப்பில் நூலின் ஒரு நுனியைப் பிடிக்க, ஆச்சி குனிந்து முழங்காலில் முடிச்சுப் போடுவாள். அதே நூலில் இன்னும் தள்ளி இன்னொரு முடிச்சு, இடுப்புச் சுற்றளவுக்கு. அப்புறம் இன்லண்ட் கடிதத்தின் மடிப்பில் நூலைப் படுக்க வைத்து, பசை இருக்கும் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டுவாள். 'உள்ளே எதையும் வைக்கக் கூடாது' என்று கடிதத்தின் மேலேயே அச்சடித்திருக்கும். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. பதில் வரும்: "நூல் வந்துட்டு. மூணு விரக்கடை வளந்திருக்கான். போன நூலையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன்." பதினொரு நூல் இருக்கிறது பெட்டியில். ஒன்றைவிட ஒன்று நீளம்.

அதே 1984-ல் சபையில் வாசித்த, அச்சடித்த ஜெபக்கடிதமும் இருக்கிறது. "மகன் விடுதியில் மகிழ்ச்சியோடு படித்து வருகிறான். ஸ்தோத்திரம்." இதையும் எழுதியது சித்திதான். கையெழுத்து சித்தப்பா பெயரில்.

நீ தியாகம் தியாகம் என்கிறாயே, அந்தச் சொல்லை எனக்குப் பிடிக்காமல் போனது இதனால்தான். அந்தச் சொல் உனக்கில்லை, கேட்கிறவர்களுக்கு. 'தியாகம்' என்று சொல்லிக் காணிக்கையும் போட்டுவிட்டால், பையனுக்குப் பல்வலி வந்தால் அங்கே யார் பார்ப்பார்கள் என்று ஒருத்தரும் கேட்க வேண்டாம். உன் ஜெபக்கடிதத்தில் பல்வலியை எழுது. சண்டை போட்டால் சண்டை போட்டோம் என்று எழுது. ஒரே ஆள் இரண்டு விதமாகக் கடிதம் எழுதிப் பதின்மூன்று வருடம் ஓட்டுவது பெரிய வேலை. சித்திக்கு அதிலேயே பாதி உயிர் போய்விட்டது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

1993-ல் சித்தப்பாவுக்கு மூளை மலேரியா. ஐந்து நாள். அடக்கம் முடிந்த மாதம் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் பெட்டியின் அடியில் இருக்கிறது. அன்னாரின் சேவைக்கு இரண்டு பத்தி. பிறகு, "அன்னாரின் துணைவியார் மூன்று மாதத்திற்குள் பணித்தள வீட்டை ஒப்படைக்கும்படி..." அதில் அவள் பெயர் இல்லை. பதின்மூன்று வருடம் அந்தப் பெண்களுக்குத் தேவநாகரியில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள், சித்தப்பாவைவிட நன்றாக அந்தப் பாஷை பேசியவள், பதிவேட்டில் இல்லவே இல்லை. நியமனம் அவருக்குத்தானே. அவர் போனதும் அவளுக்கு அங்கே இருக்கக் காரணமில்லை என்று ஆகிவிட்டது. இருக்கிறேன் என்று கெஞ்சி எழுதினாளாம். ஊருக்கு வந்து ஒரு பள்ளி விடுதியில் வார்டனாக இருந்து ரிட்டையர் ஆனாள்.

எந்த நிறுவனம் என்று கேட்காதே. இன்றைக்கு நிறைய இடங்களில் கணவன் மனைவி இருவரையும் மிஷனரிகளாகவே பதிவு செய்கிறார்கள் என்று கேள்வி. உன்னை எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று போய்ப் பார். வெட்கப்படாதே. நியமனக் கடிதத்தில் உன் பெயர் 'மற்றும் குடும்பம்' என்று இருந்தால் திருப்பிக் கொடு. உன் பெயரில் தனி வங்கிக் கணக்கு வேண்டும். உன் கணவர் வங்கியில் இருந்தவர்தானே, அரை மணி நேர வேலை.

இன்னொன்று. அங்கே காலா அசார் என்ற காய்ச்சல் இன்னும் இருக்கிறது. அதைப் பரப்புகிற மணல் ஈ சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் புகுந்து வந்துவிடும். நெருக்கமான கண்ணுள்ள வலையாக வாங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் மண்ணீரலைப் பார்க்கச் சொல். ஜெபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, ஜெபித்துக்கொண்டே பஸ் ஏறு.

புத்தகப் பட்டியல் கேட்டிருந்தாய், மறந்தே போனேன். இருக்கட்டும். அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வா. உன் கடிதத்தைச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். தகுதி, தியாகம் எல்லாம் அவள் காதில் ஏறவில்லை. "எந்த ஊருன்னு சொன்னாளா, மேல் மலையா கீழ் மலையா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டாள். முப்பத்திரண்டு வருடமாக அந்தப் பாஷையில் பேச அவளுக்கு ஆள் இல்லை. போன வாரம் குளியலறைக் கதவைத் தட்டி "யாரு உள்ள?" என்றேன். "ஏன்" என்று பதில் வந்தது. தமிழில் கோபித்துக்கொள்கிறாள் என்று நினைத்துப் பேசாமல் நின்றேன். அப்புறம்தான் புரிந்தது.

சீக்கிரம் வா. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள். உன் கணவரும் உடன் வரட்டும்.

அன்புடன்,
அண்ணாச்சி