தெரியாது, நம்புறேன்

அன்புள்ள ஐயா,

என் அப்பா தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர். போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, “கடவுள் இருக்காருன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமாப்பா?” என்று கேட்டுவிட்டேன். “தெரியாது, நம்புறேன்” என்றார். தெரியாததை நம்புவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது இல்லையா? நான் நாத்திகன். கடவுள் இல்லை என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

அப்பா இப்போது நலம்தானே? அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருக்கிறது.

நூற்றுக்கு நூறு என்றால் உறுதி, அறுபது எழுபது என்றால் நம்பிக்கை என்று நீங்கள் மார்க் போடுகிறீர்கள். “நம்பும் மேவும் நசையாகும்மே” என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். பழந்தமிழில் நம்புவது விரும்புவதுதான். தேவாரம் சிவனை ‘நம்பன்’ என்று அழைப்பதையும் அப்படித்தான் பொருள் கொள்வார்கள். சொல்லின் பழைய பொருளை வைத்து இன்றைய வழக்கைத் தீர்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். “ரயில் அஞ்சு மணிக்கு வந்துரும்னு நம்புறேன்” என்பதில் நசை ஏது? ஆனால் “உன்னை நம்புறேன்” என்று ஒருவர் கையைப் பிடித்துச் சொல்வது வேறு. உங்கள் அப்பா சொன்னது இந்த இரண்டாவது வகை என்று நினைக்கிறேன்.

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். இந்த வரனை முடிக்கலாமா, இந்த இடத்தை வாங்கலாமா என்று கேட்பார்கள். சாமி இருக்கா இல்லையா என்று யாராவது பூக்கட்டிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கும்பிடுகிறவர்களுக்கு அது கேள்வியாகவே வருவதில்லை.

விரும்புவதால் ஒன்று இருந்துவிடாது. அதில் நான் உங்கள் கட்சி. நானும் கும்பிடுகிறவன் இல்லை. எனக்குப் பயம் “தெரியும்” என்பவர்களிடம்தான். “சாமி உத்தரவு கொடுத்துருச்சு, ஆபரேஷன் வேண்டாம்” என்பவரிடம் இருப்பது உறுதி. அங்கே சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.

உங்கள் உறுதிக்கு வருகிறேன். மணிமேகலை 27ஆம் காதையில் பூதவாதி ஒருவன், அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களால் ஆனதே எல்லாம் என்பவன், வருகிறான். அவனுக்குக் கண்ணால் கண்டதே மெய், மற்றதெல்லாம் பொய். உன் தாய் தந்தையர் இவர்கள் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று அவனை மடக்குகிறாள் மணிமேகலை. (டி.என்.ஏ. பரிசோதனை இல்லாத காலம்!) இதனால் கடவுள் உண்டென்று ஆகிவிடாது. ஆனால் கண்டது மட்டுமே மெய் என்றால், பெற்றவர்களைக்கூட நம்பித்தான் ஏற்றிருக்கிறோம். மழை தருவேன் என்ற சாமியை, மழை பொய்த்தால் பொய் என்று சொல்லலாம். எதையும் தருவதாகச் சொல்லாமல் ஒளிந்தே இருக்கும் ஒன்றை, துளியும் சந்தேகமில்லாமல் எந்தச் சோதனையால் விலக்கினீர்கள்? இல்லாமலிருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்பதோடு நான் நின்றுகொள்வேன். உங்கள் அப்பாவும் தன் பக்கத்தில் அப்படித்தான் நின்றிருக்கிறார்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வீட்டில் விளக்கை யார் ஏற்றினார்கள்?