வீட்டு நாஸ் பெட்டியில் எஸ்எம்பி 3, என்எஃப்எஸ் 4: குமரி மாவட்டத்துக் கேள்விகள்

நாஸ்னா வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் பகிர்ந்துக்கிற சேமிப்புப் பெட்டி. அதில் உள்ள ஃபைல்களை மத்த கம்ப்யூட்டர்கள் திறக்கிற வழிமுறைகள்தான் எஸ்எம்பி (பெரும்பாலும் விண்டோஸுக்கு), என்எஃப்எஸ் (பெரும்பாலும் லினக்ஸுக்கு). பேருக்குப் பின்னாடி வர்ற எண் அதன் பதிப்பு.

மார்த்தாண்டம், கல்யாண ஸ்டுடியோ: அண்ணா, விண்டோஸ் 11 ப்ரோவை 24ஹெச்2 பதிப்புக்கு அப்டேட் பண்ணினதுல இருந்து நாஸ் ஃபோல்டர் திறக்க மாட்டேங்குது. எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணச் சொல்றாங்க. பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவினது எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாத்தான். உங்க சிக்கலும் அதுவல்ல. 24ஹெச்2 ப்ரோ, பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் நுழைவை விடாது. கூடவே சைனிங்கும் (தகவலை வழியில் யாரும் மாத்தலைன்னு காட்டும் டிஜிட்டல் கையெழுத்து) கட்டாயம். எதில் மாட்டியிருக்குன்னு பிழைச் செய்தியே சொல்லும். நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்குதுன்னு வந்தா கெஸ்ட். கிரிப்டோகிராஃபிக் கையெழுத்து செல்லாதுன்னு வந்தா சைனிங்.

நாஸில் ஸ்டுடியோவுக்குன்னு ஒரு யூசரை உருவாக்கி பாஸ்வேர்ட் கொடுங்க. ஷேர் ஃபோல்டரில் அவருக்கு படிக்க, எழுத அனுமதி. எஸ்எம்பி அமைப்பில் குறைந்தபட்சம் 2, அதிகபட்சம் 3. சைனிங்கை அணைத்து வைக்காதீங்க. அப்புறம் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் (பாஸ்வேர்டுகள் சேமிக்கப்படும் இடம்) அந்த நாஸ் பேரில் உள்ள பழைய பதிவை நீக்கிட்டு, சைன் அவுட் பண்ணி உள்ளே வாங்க. இதை விட்டுட்டுத்தான் பலர் அரை நாள் அலையறாங்க: ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் ரெண்டு யூசர் பேரில் இணைய விண்டோஸ் விடாது.

அதே ஸ்டுடியோ: எங்க பழைய ஸ்கேனருக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும்.

அதை எஃப்டிபி-க்கு (ஃபைல் அனுப்பும் இன்னொரு முறை) மாத்துங்க, வீட்டு லானுக்குள்ள (உள் நெட்வொர்க்) மட்டும். தனி யூசர், தனி ஃபோல்டர்.

தக்கலை: எஸ்எம்பி 3 வெச்சும் விநாடிக்கு 11 மெகாபைட்தான் வருது.

அந்த எண்ணே காரணத்தைச் சொல்லுது. இணைப்பு 100 மெகாபிட்டில் நிக்குது (8 பிட் ஒரு பைட்). கிகாபிட்டா இருந்தா 110 பக்கம் வரணும். கேபிளின் எட்டுக் கம்பியும் தொட்டாத்தான் கிகாபிட். முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க, இல்லேன்னா முனையை வெட்டிப் பிளக்கைத் திரும்பக் கிரிம்ப் பண்ணுங்க (அழுத்திப் பொருத்துங்க). குளச்சல், முட்டம் மாதிரி கடலோர வீடுகளில் உப்புக்காத்து பின்களில் களிம்பு பிடிக்க வைக்கும். கேபிள் சரியாகியும் 40, 50-லேயே நின்னா, எஸ்எம்பி என்கிரிப்ஷன் (தகவலைப் பூட்டி அனுப்புறது) ஆன்ல இருக்கான்னு பாருங்க. ஏஇஎஸ் வசதி (அந்தப் பூட்டு வேலையை வேகமாக்குவது) இல்லாத ப்ராசஸர் அதுல திணறும். கணக்கு ஃபோல்டருக்கு மட்டும் வெச்சுக்கிட்டு வீடியோ ஃபோல்டருக்கு எடுத்திடுங்க. மல்ட்டிசேனல் (ஒரே நேரத்தில் பல இணைப்புகள் வழியா அனுப்புறது) இப்ப வேண்டாம். ரெண்டு பக்கமும் அதுக்கேத்த போர்ட் இல்லாம பிரயோஜனம் இல்லை.

நாகர்கோவில்: பெங்களூருல இருக்கிற மகன் ஃபோட்டோ பார்க்கணும் சார். ரவுட்டர்ல 445 போர்ட்டைத் திறக்கலாமா?

எந்தக் காலத்திலும் கூடாது. அது எஸ்எம்பி-யின் வாசல், திறந்தா இணையத்துல யாரும் தட்டலாம். வயர்கார்ட் விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்கு ஒரு பாதுகாப்பான தனி வழி) போடுங்க. உங்க இணைப்பு சிஜிநாட்டுக்கு (ஒரே இணைய முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிரும் ஏற்பாடு) பின்னாடி இருந்தா போர்ட் திறந்தாலும் வெளியே இருந்து வர முடியாது. அப்போ போர்ட் திறக்காமலே வேலை செய்யும் டெயில்ஸ்கேல் விபிஎன் எளிது.

குளச்சல்: லினக்ஸிலும் மேக்கிலும் என்எஃப்எஸ் 4 மவுன்ட் பண்றேன் (நாஸ் ஃபோல்டரை உள்ளூர் ஃபோல்டர் மாதிரி இணைக்கிறேன்). லினக்ஸில் ஃபைல் உரிமையாளர் எல்லாம் 'நோபடி' (யாருமில்லை)ன்னு வருது. மேக்கில் இருந்து போட்ட சில தமிழ்ப் பேர் ஃபைலை லினக்ஸில் தேடினா கிடைக்கல.

முதலாவது: என்எஃப்எஸ் 3 யூசர் எண்ணை அனுப்பும், 4 பேரையும் டொமைனையும் சேர்த்து அனுப்பும். நாஸிலும் லினக்ஸின் ஐடிமேப் (யூசர் பேரை எண்ணோட பொருத்தும்) கோப்பிலும் டொமைன் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும், அந்த யூசர் பேர் ரெண்டு பக்கமும் இருக்கணும். மாத்தினதும் ஐடிமேப் கேஷை (சேமிச்சு வெச்ச பழைய பதிவை) அழிச்சிட்டுத் திரும்ப மவுன்ட் பண்ணுங்க.

ரெண்டாவது சுவாரசியமானது. யூனிகோடில் 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பும் காலுமா ரெண்டாப் பிரிச்சும் எழுதலாம். திரையில் ஒண்ணுதான், லினக்ஸுக்கு அவை வேற வேற பேர். 'கொ', 'கௌ'வுக்கும் இதே கதை. அதனாலதான் 'கோவில்' கிடைக்காது, 'படம்' கிடைக்கும். மேக்கில் மவுன்ட் பண்ணும்போது 'என்எஃப்சி' ஆப்ஷனை (பேரை ஒரே குறி வடிவில் அனுப்பும்) சேருங்க. ஏற்கெனவே போன பேர்களை 'கான்வ்எம்வி'ங்கிற கட்டளை கொண்டு மாத்தணும். அது முதல்ல வெறும் ஒத்திகைதான் காட்டும், பட்டியலைப் பார்த்துட்டு அப்புறம் நிஜமா ஓட்டுங்க.

பேர் நீளத்தையும் கவனிங்க. லினக்ஸ் வரம்பு 255 பைட், தமிழ்க் குறி ஒண்ணுக்கு 3 பைட், ஆக 85 குறிதான். புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியா எண்ணப்படும். சினாலஜி கம்பெனி நாஸின் என்கிரிப்ட் செய்த ஷேர் ஃபோல்டரில் வரம்பு 143 பைட், அதாவது 47 குறி. மாப்பிள்ளை பேர், பொண்ணு பேர், மண்டபம், தேதின்னு நீட்டினா காப்பி பாதியில் நின்னுடும்.