சீமை மரமா, சீமை ஓடா?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்புக்குள் சின்னதாக ஒரு வீடு கட்டுகிறோம். கனடாவில் இருக்கும் மகன், அங்கே போல செடார் மரச் சில்லு வேய்ந்த கூரை போடலாம் என்கிறான். நம் ஊருக்குத் தாங்குமா?

பதில்: சரக்கு நல்ல சரக்குதான். பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் வளரும் வெஸ்டர்ன் ரெட் செடார். பெயரில்தான் செடார், இமயமலைத் தேவதாருவுக்குச் சொந்தமில்லை, துஜா வகை. சீக்கிரம் உளுத்துப்போகாத மரம். ஆனால் நனைந்தால் காய வேண்டும். அடியில் காற்றோட்டம் இருந்தால்தான் காயும்.

அதை நானே ஒருமுறை கெடுத்திருக்கிறேன். தளி பக்கம் ஒரு விடுதி வேலை. ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் பிளைவுட் அடித்து, தார் ஷீட் விரித்து, அதன்மேல் ஒட்டினாற்போல் சில்லு அடித்தோம். ஆணியும் சாதா இரும்பு ஆணி. முதல் மழைக்கே ஒவ்வொரு ஆணித் தலையிலிருந்தும் கறுப்புக் கோடு இறங்கியது. செடார் சாறும் இரும்பும் சேர்ந்தால் மைதான்; கடுக்காய் மை காய்ச்சுகிற அதே கணக்கு. நாலாம் வருஷம் ஒரு சில்லைப் பிடுங்கினேன். மேலே கல் மாதிரி, அடியில் டீயில் முக்கிய பிஸ்கட் மாதிரி. காசைத் திருப்பிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

அதனால் பிளைவுட் வேண்டாம். கைமரத்தின் மேல் குறுக்கே இடைவெளி விட்டு ரீப்பர் சட்டம் அடியுங்கள். கூரை வாட்டம் (சரிவு) அடிக்கு 4 அங்குலமாவது வேண்டும். 16 அங்குலச் சில்லில் 5 அங்குலம்தான் வெளியே தெரியலாம். அப்போதுதான் எங்கும் மூன்று அடுக்கு நிற்கும். சில்லுக்கு இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி. பக்கத்துச் சில்லோடு கால் அங்குலம் சந்து விடுங்கள், மழையில் மரம் ஊதும். மேல் வரிசைச் சந்து கீழ் வரிசைச் சந்துக்கு நேராக வராமல் ஒன்றரை அங்குலமாவது விலக வேண்டும். வாங்கும்போது வைரம் பாய்ந்த, முடிச்சில்லாத, நேர் ரேகை அறுப்பாகக் கேளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் வீட்டுக்கு இது வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். மாஞ்சருகு விழுந்து சந்தில் அடைத்து ஈரம் பிடிக்கும், வாரம் ஒருமுறை யார் ஏறிக் கூட்டுவது? தோப்பில் சருகு கொளுத்துவீர்கள், தீபாவளிக்கு ராக்கெட் வேறு. தீ தாங்கும் மருந்தைத் தொழிற்சாலையிலேயே அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்ற வேண்டும். இங்கே வந்து பிரஷ்ஷில் அடிப்பது அதற்கு ஈடாகாது. வீட்டுக்கு மங்களூர் ஓடு போடுங்கள். பிள்ளை ஆசைக்கு முன் திண்ணைச் சார்ப்பு மட்டும் செடார். அதற்கு நிற்கும் தூண் மண்ணைத் தொடாமல் கல் மேல் நிற்கட்டும், கரையானுக்கு வழி விடாதீர்கள்.

கேள்வி: ஓசூரில் எங்கள் செடார் கூரையில் பாசி படர்ந்துவிட்டது. பிரஷர் வாஷர் அடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பாசியோடு மரமும் நார்நாராகப் போகும். காய்ந்த நாளில் மெத்தென்ற துடைப்பத்தால் மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். அப்புறம் முகட்டுக்குக் கீழே நீளமாகத் துத்தநாகத் தகடு ஒன்று பதியுங்கள். மழைநீர் அதைத் தொட்டு இறங்கும் இடத்தில் பாசி எளிதில் பிடிக்காது. கூரைமேல் சாய்ந்த மரக்கிளையையும் வெட்டிவிடுங்கள், வெயில் படட்டும்.